ஒன்றை ஒளித்துவைத்துவிட்டுச் சமைத்துப் பாருங்கள்

கேட்டிருப்பது இதுதான்: திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பு, புதன் மறுபடி சாம்பார், ராத்திரி என்றால் இட்லி அல்லது தோசை. சமைப்பவருக்கும் சலிப்பு, சாப்பிடும் இரண்டு பிள்ளைகளுக்கும் சலிப்பு. புதுப் பாத்திரம், புது மெஷின் எதுவும் வாங்காமல் வீட்டுச் சமையலைக் கொஞ்சம் விளையாட்டாக்க வழி உண்டா?

உண்டு. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் எதையாவது கூட்டப் பார்ப்பார்கள். தோசைமேல் சீஸ், இட்லிக்குள் சாக்லேட், உப்புமாவில் ஆரிகனோ. முதல் தடவை போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். இரண்டாம் தடவை பிள்ளைகளே கேட்க மாட்டார்கள். நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிர்: எதையும் கூட்டாதீர்கள், ஒன்றை எடுத்துவிடுங்கள். யோசிக்காமலே கை போய் எடுக்கும் ஒரு பொருளை அன்றைக்கு மட்டும் தடை செய்யுங்கள். மிளகாய் கிடையாது, புளி கிடையாது, இட்லித்தட்டு கிடையாது, அடுப்பே கிடையாது. பழகிய வழி அடைபட்டதும் அடுக்களையில் என்னென்ன இருக்கிறது என்று முதல் தடவையாகக் கண்ணில் படும்.

இரண்டே நிபந்தனை. வாரத்துக்கு ஒரு தடைதான், அதுவும் சனி ராத்திரியோ ஞாயிறு மதியமோ. பள்ளிக்கூட நாள் காலையில் இந்த விளையாட்டு வேண்டாம். தடை என்னவென்று முடிவு செய்யும் உரிமை பிள்ளைகளுக்கு. நீங்கள் அறிவித்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம், அவர்கள் அறிவித்தால் உங்களுக்கு வைக்கும் பரீட்சை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பரீட்சை வைப்பதென்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் கசக்கும்?

முதலில் மிளகாயை எடுத்துவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த தடை இதுதான், காரணம் இதில் பாதி சரித்திரப் பாடம். மிளகாய் நம்மூர்ப் பயிர் இல்லை. கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் உலகத்தின் இந்தப் பக்கத்துக்கு அது வர வழி பிறந்தது. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். அதன் பின்னால் போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் கொடுத்தது மிளகு, திப்பிலி, இஞ்சி, சுக்கு, கடுகு. அப்படியானால் அந்தக் காலத்துச் சாப்பாட்டை ஒரு ராத்திரி சமைத்துப் பார்க்கலாமே.

பிரிட்ஜைத் திறந்து காய்களைத் தரையில் பரப்பி, கடல் தாண்டி வந்ததை ஒரு பக்கம், மிச்சத்தை இன்னொரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். மிளகாயோடு அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் போக வேண்டியவை: தக்காளி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், பீன்ஸ், சௌசௌ, பரங்கிக்காய், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி. நிலக்கடலையும் முந்திரியும் அந்தப் பக்கம் போகும்போது வீட்டில் பெரியவர்களே நம்ப மாட்டார்கள். கேரட், முட்டைக்கோஸ், காலிபிளவர் எல்லாம் வேறு வழியாக வந்த இங்கிலீஷ் காய்கள், அவற்றையும் ஓரமாக வையுங்கள். கையில் மிஞ்சுவது கத்தரி, வாழைக்காய், பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெண்பூசணி, அவரை, சேனை, முருங்கை, மாங்காய், கீரை. பற்றாக்குறை ஒன்றும் இல்லை. சில வீடுகளில் திவசச் சமையல் இன்றைக்கும் ஏறக்குறைய இந்தப் பட்டியலுக்குள்தான் நடக்கிறது. மிளகாயும் தக்காளியும் உருளையும் அதில் நுழைய முடியாது, காரத்துக்கு மிளகுதான். வீட்டில் பாட்டி இருந்தால் அன்றைக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர்.

நான்கு பேருக்கு ஒரு குழம்பு சொல்கிறேன். இரண்டு டீஸ்பூன் மிளகு, ஒரு மேசைக்கரண்டி தனியா, ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, சின்னத் துண்டு பெருங்காயம் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வறுத்து, கடைசியில் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையைப் போட்டு மொறுமொறுவென்று வந்ததும் இறக்கி, ஆறவைத்து அரையுங்கள். சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, உப்பு மஞ்சள் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, அரைத்த விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் செய்தால் இந்தக் குழம்பு வாயில் இறங்காது. சுட்ட அப்பளமும் கத்தரிக்காய்க் கறியும் போதும். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் மிளகைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு கடுகுப் பச்சடி செய்யுங்கள், வேடிக்கை அதில்தான் இருக்கிறது. தாளித்த கடுகை ஒன்று வாயில் போட்டுக் கடிக்கச் சொல்லுங்கள். ஒரு காரமும் இருக்காது. பிறகு அரை டீஸ்பூன் பச்சைக் கடுகை மூன்று மேசைக்கரண்டி தேங்காயோடு தண்ணீர் தெளித்து அரைத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கில் ஏறும். கடுகுக்குள் காரம் தயார் நிலையில் இருப்பதில்லை. அரைபட்டுத் தண்ணீர் படும்போது அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும், அதனால்தான் தாளித்த கடுகு சாதுவாக இருக்கிறது. இந்த விழுதைக் கெட்டித் தயிரில் கலக்கி, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயைப் போட்டால் பச்சடி. பத்து நிமிடம் பொறுக்காமல் உடனே தயிரில் போட்டால் புளிப்பு அந்த நொதியைத் தடுத்துவிடும், காரம் சரியாக ஏறாது.

சாப்பிடும்போது எந்தக் காரம் எங்கே உறைக்கிறது என்று ஆளுக்கொரு தாளில் குறித்துக்கொள்ளலாம். மிளகு, கடுகு, இஞ்சி மூன்றும் நிச்சயம் ஒரே இடத்தைப் பிடிப்பதில்லை. இதில் வீட்டுக்குள் சண்டை வரும். வரட்டும்.

அடுத்த தடை புளி. மிளகாயைவிட இது எளிது, செலவும் இல்லை. அரைக் கப் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, நான்கு கப் தண்ணீர் விட்டு, மஞ்சள், உப்பு, இரண்டு டீஸ்பூன் ரசப்பொடி போட்டுக் கொதிக்கவிடுங்கள். புளிப்பு எதுவும் சேர்க்காத இந்தப் பருப்புத் தண்ணீரை நான்கு சின்னக் கிண்ணங்களில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வேகவைத்து மசித்த மாங்காய், ஒன்றில் கொட்டை நீக்கிச் சீரகத்தோடு அரைத்த நெல்லிக்காய், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் கடைந்த மோர். எல்லாவற்றுக்கும் ஒரே நெய், ஒரே கடுகு, ஒரே கறிவேப்பிலை. கண்ணைக் கட்டிக்கொண்டு ருசி பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும்.

மாங்காயும் நெல்லிக்காயும் அடுப்பில் ஒரு கொதி தாங்கும். எலுமிச்சையை அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் பிழிய வேண்டும், கொதித்தால் வாசனையும் போய்விடும், கசப்பும் தட்டும். மோரைச் சேர்த்த பிறகு கொதிக்கவே விடக் கூடாது, நுரைத்து வரும்போதே இறக்காவிட்டால் திரிந்துபோகும். புளி மட்டும்தான் எவ்வளவு கொதித்தாலும் அசையாது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம். எல்லாம் புளிப்புதான், ஆனால் நாக்குக்கு மூன்றும் வேறுவேறு ஆட்கள். மீன் சாப்பிடும் வீடு என்றால் இதே விளையாட்டை மீன் குழம்பில் வைத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் போடுகிற குடம்புளியைக் கொஞ்சம் வாங்கிவந்து, ஒரு சட்டியில் நம் புளி, இன்னொரு சட்டியில் குடம்புளி. குடம்புளிக்கு ஒரு புகை வாசனை உண்டு. அது பிடித்துப்போனால் பிறகு வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிடும்.

ஒரு விஷயம், இது எந்தத் தடைக்கும் பொருந்தும். புளிப்பு சேர்ந்த பிறகு பருப்பும் காயும் சீக்கிரம் வேகாது. ஆகவே முதலில் வேகவையுங்கள், பிறகு புளிப்பு. இதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: வெண்டைக்காயில் கொஞ்சம் புளித்தண்ணீரோ மோரோ தெளித்து வதக்கினால் வழவழப்பு அடங்கும்.

மூன்றாவது, இட்லித்தட்டை ஒளித்துவையுங்கள். மாவு அதே மாவுதான், பாத்திரம் மட்டும் மாறுகிறது. எவர்சில்வர் டம்ளரில் எண்ணெய் தடவி முக்கால் பங்குக்குக் குறைவாக மாவு ஊற்றி ஆவியில் வையுங்கள். தட்டு இட்லிக்குப் பத்து நிமிடம் என்றால் இதற்குப் பதினைந்து இருபது. குச்சியால் குத்திப் பார்த்து மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தாயிற்று. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி அவிப்பது. மிளகு, சீரகம், சுக்கு, நெய் மணக்கும். ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை சுக்கு, ஒரு பெரிய கரண்டி நெய் என்று வீட்டு மாவில் கலந்து டம்ளரில் ஊற்றினால் அதன் தூரத்து உறவு ஒன்று கிடைக்கும். வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் வைத்தால் இட்லியைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகூட எடுத்துக்கொள்ளும். மிளகாய்த் தடை போட்ட வாரத்துக் காலைப் பலகாரமாகவும் இதை வைத்துக்கொள்ளலாம்.

டம்ளருக்கு அடுத்தது இலை. மங்களூர், உடுப்பிப் பக்கம் பலா இலை நான்கை ஈர்க்குச்சியால் கோத்துக் கிண்ணமாக்கி அதற்குள் மாவு ஊற்றி அவிப்பார்கள். தைக்கும் வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள், ஓட்டை விழுந்து மாவு ஒழுகினால் அதுவும் வேடிக்கைதான். நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் கார்த்திகைக்குச் செய்யும் ஓலைக் கொழுக்கட்டை தெரிந்திருக்கும்: அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், ஏலக்காய் பிசைந்து குருத்து ஓலைக்குள் அடைத்து, கட்டி அவிப்பது. பனை ஓலையின் வாசனை மாவுக்குள் இறங்கிவிடும், அதற்கு ஈடாக எந்த எசென்ஸும் கிடையாது. சென்னையில் ஓலைக்கு எங்கே போக என்றால், பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்து இருக்கிறதே, பானைக்குக் கட்டியதுபோக மிச்ச இலையைத் தூக்கித்தானே போடுகிறோம்? கொங்கணக் கடற்கரைப் பக்கம் அந்த இலையில்தான் இனிப்புக் கொழுக்கட்டை அவிக்கிறார்கள். அரிசி மாவைத் தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து இலையில் மெல்லியதாகத் தடவி, நடுவில் தேங்காய் வெல்லப் பூரணம் வைத்து, இலையோடு இரண்டாக மடித்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவி. இலையைப் பிரிக்கும்போது வரும் வாசனைக்காகவே அடுத்த பொங்கலுக்குக் காத்திருப்பார்கள்.

நிறப்பொடித் தடை சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. வேலியில் சங்குப்பூ, நீல நிறத்தது, பூத்துக் கிடக்கும். மருந்து அடிக்காத இடத்துப் பூவாகப் பார்த்து ஒரு கைப்பிடி பறித்து, காம்பும் பச்சை இதழும் கிள்ளிவிட்டுக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தண்ணீர் மை நீலமாகும். அந்தத் தண்ணீரில் இடியாப்ப மாவு பிசையலாம், அல்லது சாதம் வடிக்கலாம். நீலச் சாதத்தைத் தட்டில் போட்டு, எலுமிச்சைமூடியைப் பிள்ளை கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். பிழிந்த இடமெல்லாம் ஊதாவாக மாறும். புளிப்பு பட்டால் அந்த நிறமி மாறுகிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஆரத்தித் தட்டு இருக்கிறது: மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கிறதே, அது காரம் பட்டு மஞ்சள் நிறம் மாறுவது. (இங்கே காரம் என்றது அமிலத்துக்கு எதிரானதை, மிளகாய்க் காரத்தை அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளை திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

கடைக்குப் போகத் தடை என்பது சந்தை நாளுக்கு முந்தின ராத்திரிக்குப் பொருத்தம். பிரிட்ஜில் மிஞ்சியிருப்பதை வைத்தே முடிக்க வேண்டும். இங்கே கைகொடுப்பது துவையல்தான், ஏனென்றால் அதற்குத் தனித்தனிச் செய்முறை தேவையில்லை, ஒரே வாய்பாடுதான். ஒரு கைப்பிடி தோலோ தண்டோ எண்ணெயில் சுருள வதக்கியது, இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு சிவக்க வறுத்தது, இரண்டு வரமிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு. பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல், வாழைக்காய்த் தோல், கொத்தமல்லித் தண்டு, முள்ளங்கி இலை, காலிபிளவர் நடுத்தண்டு எல்லாம் இதற்குள் அடங்கும். தர்பூசணியின் சிவப்பும் பச்சைத் தோலும் போக நடுவில் நிற்கும் வெள்ளைப் பகுதியை வெண்பூசணிபோல மோர்க்குழம்பில் போடுங்கள், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தோல் சமைப்பதென்றால் நன்றாகக் கழுவித் தேய்க்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கின் தோலையும், பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கையும் மட்டும் எந்த விளையாட்டுக்கும் எடுக்காதீர்கள், இரண்டிலும் நச்சு உண்டு.

வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைப்பது பல வீடுகளில் வாராவாரம் நடக்கிற காரியம், அதைத் தடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசிக்குப் பதில் வரகு, சாமை என்பதும் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், விளையாட்டாக இருக்காது. அதே சாம்பார் சாதம்தான், பிள்ளைகளை ஏமாற்ற முடியாது.

கடைசியாக அடுப்பில்லாச் சமையல். மே மாத மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சமைப்பவருக்கும் ஓய்வு. பாசிப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளரிக்காய், மாங்காய்த் துருவல், தேங்காய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் கோசுமல்லி. கெட்டி அவலைக் கழுவித் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் மூடிவைத்தால் விரலால் நசுங்கும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். அதில் பாதியைத் தயிர், உப்பு, இஞ்சி, மாதுளை முத்து போட்டுத் தயிர் அவலாக்கலாம், மீதியை வெல்லம், தேங்காய், ஏலக்காய் போட்டு இனிப்பாக்கலாம். குடிக்கப் பானகம்: வெல்லம் கரைத்த தண்ணீர், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. வெல்லத்தை வடிகட்ட மறக்க வேண்டாம், மண் இருக்கும்.

பிறகு பஞ்சாமிர்தம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. அங்கே விருப்பாச்சி மலைப்பழம், உங்களுக்கு அது கிடைக்காவிட்டால் நன்றாகப் பழுத்த, நீர் அதிகமில்லாத நாட்டு வாழைப்பழம் எதுவும் சரி. கத்தி, கரண்டி, மிக்ஸி எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிய இரண்டு ஜோடிச் சின்னக் கைகளும் ஓர் அகலமான பாத்திரமும் போதும். பிசைந்து முடிப்பதற்குள் கால்வாசி காணாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டுப் பழம் வாங்குங்கள். வீட்டில் செய்வது கோயில் பஞ்சாமிர்தம் மாதிரி நாள்கணக்கில் வைத்திருக்கச் செய்ததில்லை, அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களை இதில் கட்டாயப்படுத்த வேண்டாம். தாத்தாவுக்கு ரசம் சாதம்தான் இறங்கும் என்றால் அவருக்கு அது தனியாக இருக்கட்டும், அவரை நீதிபதி ஆக்கிவிடுங்கள். தடை சொதப்பினால் கைவசம் தயிர்சாதமும் ஊறுகாயும் எப்போதும் இருக்க வேண்டும். இந்த வாரமே ஆரம்பிக்க நினைத்தால் நான்கு கிண்ண ரசத்தில் தொடங்குங்கள். நெல்லிக்காயும் மாங்காயும் வாங்கிவந்தால் போதும், மற்றதெல்லாம் அநேகமாக வீட்டிலேயே இருக்கும்.